சாமி, எங்களை அனுப்பும்போது ஒரு கடிதமும் கொடுத்து அனுப்புங்கள்

தூத்துக்குடிக் கடற்கரையோரப் பங்குகளின் பங்குத்தந்தையருக்கும், பங்குப் பேரவையினருக்கும், அன்பியம் என்னும் நம் அக்கம்பக்கச் செபக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும்,

தோத்திரம் சாமி.

நான் உங்களில் ஒருவருடைய பங்கைச் சேர்ந்தவள். எந்த ஊர் என்று எழுதவில்லை, ஏனென்றால் இது ஓர் ஊரின் குறை இல்லை, நம் கடற்கரை முழுவதிலும் இப்படித்தான் நடக்கிறது. 2022 பிப்ரவரியில் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்கு வந்தேன். நாட்டின் மேற்கே, ரூர் பகுதியில் ஒரு ஊரில் இருக்கிறேன். இன்று இங்கே எனக்கு ஒரு பங்கு இருக்கிறது, கோயிலில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது, நான் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. என்னோடு வந்த பிள்ளைகள் பலருக்கு அந்தத் தற்செயல் நடக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கோயிலுக்கு வந்தேன். சாமி தலையில் கைவைத்து செபித்தார், ஒரு செபமாலை கொடுத்தார், நல்லா இரும்மா என்றார். அம்மா மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவ்வளவுதான். அங்கே எந்தக் கோயிலுக்குப் போவாய், யாரைப் பார்ப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, உலகம் முழுக்க ஒரே கத்தோலிக்கத் திருச்சபைதானே, போன இடத்தில் கோயில் இருக்கும், பூசை இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கோயில் இருந்தது. பூசையும் இருந்தது.

முதல் ஞாயிறு நினைவிருக்கிறது. செங்கல் கோயில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர், உள்ளே முந்நூறு பேர் உட்காரும் இடத்தில் நாற்பது பேர், அவர்களில் பாதிக்கு மேல் எழுபது வயதைத் தாண்டியவர்கள். நான் வழக்கம்போல் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுவரில் ஒரு பலகையில் எண்கள் மட்டும் மாறின, எல்லோரும் பாட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணைப் புரட்டிப் பாடினார்கள். பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதித்தான் வந்திருந்தேன், மருந்தின் பெயர், வலியின் அளவு, கட்டுப் போடுவது எல்லாம் ஜெர்மனில் சொல்லத் தெரியும். ஆனால் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று சொல்லத் தெரியாது. மூன்று வயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்லும் செபத்துக்கு வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். பூசை முடிந்து ஐந்து நிமிடத்தில் கோயில் காலியாகிவிட்டது. யாரும் கடிந்து பேசவில்லை, விரட்டவில்லை. யாரும் பேசவே இல்லை, அவ்வளவுதான். நம் ஊரில் பூசை முடிந்தபின் கோயில் வாசலில் அரைமணி நேரம் நின்று பேசுவோமே, மீன் விலையிலிருந்து கல்யாணம் வரை, அதுவும் பூசையின் ஒரு பகுதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஷிஃப்ட். இங்கே நர்ஸ்களுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு வேலை வந்துவிடும். ஒரு ஞாயிறு தவறியது, அடுத்தது களைப்பில் தவறியது, பிறகு மாதம் ஒன்றானது. விசுவாசம் போய்விட்டதா என்றால் இல்லை, இரவில் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். போகாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னைப் போகவிடாமல் செய்தது. சாமி, பிள்ளைகள் வெளிநாடு போய்க் கெட்டுப்போகிறார்கள் என்று நீங்கள் பிரசங்கத்தில் சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் எதையும் உதறிவிட்டுப் போகவில்லை. அவர்கள் வராததை யாரும் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஊரிலிருந்து கிளம்புமுன் சொல்லியிருந்தால் எனக்கும் பலருக்கும் பெரிய குழப்பம் தவிர்ந்திருக்கும். ஜெர்மனியில் குடியேறினால் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதினால் சம்பளத்தில் திருச்சபை வரி பிடிப்பார்கள். வந்த அன்றே முன்னால் வந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்: அதைக் காலியாக விட்டுவிடு, சம்பளத்தில் ஒன்பது சதவீதம் போய்விடும். அது தப்பான கணக்கு. சம்பளத்தில் இல்லை, நாம் கட்டும் வருமான வரியில் ஒன்பது சதவீதம், பவேரியா, பாடன் வுர்ட்டம்பெர்க் இரண்டு மாநிலங்களில் எட்டு சதவீதம். மாதம் 300 யூரோ வருமான வரி கட்டுகிறவளுக்கு 27 யூரோ. அது சிறிய தொகை என்று சொல்லவில்லை, கடன் வாங்கி வந்த பிள்ளைக்கு 27 யூரோ பெரிதுதான். ஆனால் உண்மையான தொகை தெரிந்து முடிவெடுப்பது வேறு, பயந்து முடிவெடுப்பது வேறு. ஒருமுறை கத்தோலிக்கர் என்று பதிந்துவிட்டு, பிறகு வரிக்காக அரசு அலுவலகத்தில் போய் விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், இந்நாட்டு ஆயர்கள் அதைத் திருச்சபையை விட்டுப் போனதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 2012-ல் அவர்கள் வெளியிட்ட ஆணைப்படி அப்படிப் போனவருக்கு, சாகும் ஆபத்தில் தவிர, திருவருட்சாதனங்கள் இல்லை, ஞானப் பெற்றோராகவும் நிற்க முடியாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இது தெரியாமல் கையெழுத்துப் போட்டார்களோ. புதுநன்மை வாங்க ஒரு வருடம் மறைக்கல்விக்கு வரச்சொல்லும் நாம், இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை.

நான் கத்தோலிக்கர் என்றே எழுதினேன். ஏதோ யோசித்து எழுதவில்லை, மாதாவின் படம் பர்ஸில் இருக்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கை வரவில்லை. சில வாரங்களில் தபால் பெட்டியில் ஒரு உறை வந்தது, மேலே பங்கின் முத்திரை. வரி நோட்டீஸ் என்றே நினைத்தேன். பயத்தில் பிரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டேன். எட்டு மாதம் கழித்து வீடு மாறும்போது அதைப் பிரித்துப் படித்தேன். பங்குத்தந்தை கையெழுத்துப் போட்ட வரவேற்புக் கடிதம். எங்கள் பங்குக்கு நீங்கள் வந்திருப்பதில் மகிழ்ச்சி, பூசை நேரங்கள் இவை, மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு காபி உண்டு, வாருங்கள் என்று எழுதியிருந்தது. நகர அலுவலகத்தில் நான் எழுதிய ஒரு வார்த்தை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்து, முகம் தெரியாத அந்த மனிதர்கள் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து அழுதேன். எட்டு மாதமாக ஒரு கோயில் எனக்காக அந்த இழுப்பறையில் காத்திருந்திருக்கிறது.

அந்தக் கடிதத்தில்தான் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் பூசை உண்டு, அது ஞாயிறு பூசையாகவே கணக்கு என்று பார்த்தேன். ஞாயிறு காலை டூட்டி இருக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அடுத்த சனிக்கிழமை போனேன். அரைமணி முன்னால் போய்விட்டதால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பாட்டிகளோடு உட்கார்ந்தேன். ஜெர்மன்காரர்கள் செபமாலை சொல்லும் முறை நம்முடையதுபோல் இல்லை. நாம் செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் ஒருமுறை மறையுண்மையைச் சொல்லிவிட்டுத் தொடர்வோம், இவர்கள் ஒவ்வொரு மங்கள வார்த்தை செபத்திலும் 'இயேசு' என்ற பெயருக்கு அடுத்து அந்த மறையுண்மையைச் சேர்த்துவிடுகிறார்கள். எங்களுக்காக இரத்த வேர்வை வேர்த்தவர், எங்களுக்காகப் பாரமான சிலுவையைச் சுமந்தவர் என்று பத்து முறையும் அந்தப் பெயரோடு ஒட்டி வரும். நான் தடுமாறுவதைப் பார்த்த ஒரு பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திக் காட்டினார். என் பாட்டியும் இப்படித்தான் விரல் நகர்த்துவாள், 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று பழைய செபத்தைச் சொல்லிக்கொண்டே. அடுத்த வாரம் அந்த ஜெர்மன் பாட்டி தன் கைப்பையைப் பக்கத்து இடத்தில் வைத்திருந்தார். எனக்காகப் பிடித்துவைத்த இடம்.

அந்த மாதக் காபிக்குப் போனபோது யாரும் என்னை விருந்தாளிபோல் உட்காரவைக்கவில்லை. கோப்பை கழுவ ஆள் குறைகிறது, நீ வருகிறாயா என்று கேட்டார்கள். கழுவினேன். அதற்கு முன் எத்தனையோ முறை சிரித்து வணக்கம் சொல்லியிருக்கிறார்கள், அதில் வராத ஒன்று கைகளில் சோப்பு நுரையோடு அந்தச் சமையலறையில் நின்றபோது வந்தது. மூன்றாம் மாதம் பாட்டுப் பலகையில் எண் மாற்றும் வேலை. பிறகு ஒருநாள் முதல் வாசகம் படிக்கச் சொன்னார்கள். வீட்டில் இருபது முறை படித்துப் பார்த்துக்கொண்டு போய் நடுங்கிக்கொண்டே படித்தேன், உச்சரிப்பு பிசகியது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

நான் வந்த அந்த 2022-ல் மட்டும் ஜெர்மனியில் 5,22,000-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் முறைப்படி விலகினார்கள். இந்நாட்டுத் திருச்சபைக்குப் பட்ட காயங்கள் பெரியவை, குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளும் அவற்றை மூடிமறைத்ததும் மக்களின் மனத்தை உடைத்துவிட்டன, விலகியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்நாட்டுக் கத்தோலிக்கர்களில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கடற்கரைப் பெண் கோப்பை கழுவ நின்றால் அது அவர்களுக்கும் எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பங்குத்தந்தை ஒருநாள் சொன்னார், நீ இங்கே விருந்தாளி இல்லை, நான்தான் உன் பங்குத்தந்தை என்று. அவர் அன்பில் மட்டும் சொல்லவில்லை, திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. குறைந்தது மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லைக்குள் வந்துவிட்டாலே அந்தப் பங்கு நம் பங்கு, அந்தச் சாமி நம் சாமி. 1983-ல் வந்த சட்டத் தொகுப்பில் இருப்பது. நீங்கள் குருமடத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு ஏன் சாமி இதை ஒருவரும் சொல்லவில்லை?

நம் ஊருக்கு 1542-ல் வந்த சவேரியாரை நினைத்துக்கொள்கிறேன். தமிழ் தெரியாமல் வந்தவர், செபங்களைத் தமிழில் மாற்றி எழுதச் சொல்லி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ச் சொல்லிக்கொடுத்தார் என்று மறைக்கல்வியில் படித்தோமே. அவர் உச்சரிப்பும் பிசகியிருக்கும். நம் பாட்டன் பூட்டன் முகம் சுளிக்காமல் கேட்டிருப்பார்கள். ஒருமுறை இரவு டூட்டியில், கடைசி மணிநேரங்களில் இருந்த ஒரு முதியவர் அறையில் தனியாக இருந்தேன். பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்தது, கட்டிலுக்கு மேலே சிலுவை மாட்டியிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு 'ஃபாட்டர் உன்சர்' என்று, நம் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபத்தை அவர் மொழியில் மெதுவாகச் சொன்னேன். அவர் உதடுகள் அசைந்தன. அந்த வார்த்தைகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஏழெட்டுப் பாட்டிகள்.

தமிழ்ப் பூசைக்கு ஏங்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஆகஸ்ட் 5 வந்தால் கண் கலங்கிவிடும். பனிமய மாதா திருவிழா, கொடியேற்றம், பெருமாலை, ஊர் நிறைந்த சொந்தம், எல்லாவற்றையும் மொபைலில் பார்த்துவிட்டு டூட்டிக்குப் போவேன். இங்கே வேலை பார்க்கும் ஓர் ஈழத்து அக்காதான் சொன்னார், ஆகஸ்டில் கெவலாருக்கு வாரும், அங்கே எங்கட சனம் முழுக்க வரும் என்று. டியூசல்டோர்ஃபிலிருந்து கிளேவே போகும் ரயிலில் போனேன், டச்சு எல்லைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ரயிலிலேயே பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவும். 1641 கிறிஸ்துமஸ் காலத்தில், முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஊர் ஊராய்ப் போய் விற்கும் ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற வியாபாரி அந்த இடத்தில் எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். 1642-ல் அங்கே வைத்த மாதா படம் உள்ளங்கை அளவுக் காகிதப் படம்தான், துயருறுவோருக்கு ஆறுதல் என்று பெயர். அந்தச் சின்னப் படத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான தமிழர்கள் நிற்கிறார்கள். ஜெர்மனி மட்டுமில்லை, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று பக்கத்து நாடுகளிலிருந்தும். இலங்கையில் மடுத் திருத்தலத்து மாதாவிடம் போன பழக்கத்தில் இந்துக்களும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 2008-ல் போரில் மடு மாதா சுரூபத்தையே கோயிலிலிருந்து தூக்கிக்கொண்டு இடம்பெயர வேண்டியிருந்தது என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டு வந்தார். மாதாவே அகதியாகப் போனவதானே தங்கச்சி என்றார். எனக்குப் பேச வரவில்லை.

அங்கே தமிழில் பூசை கேட்டபோது முதல் 'ஆமென்' சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஈழத்துத் தமிழ் வேறு மாதிரி, சில பாட்டுகள் எனக்குத் தெரியாது, பரவாயில்லை. முன்பின் தெரியாத ஓர் அம்மா, வாங்கோ பிள்ளை, சாப்பிட்டிட்டுப் போங்கோ என்று கையைப் பிடித்து இழுத்து சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். போர் முடிந்தும் ஊர் திரும்ப முடியாதவர்கள், நினைத்தபோது விடுப்பு எடுத்து ஊருக்கு வரக்கூடிய எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன்.

நம் ஊரில் கடலுக்குப் போனவன் சொன்ன நேரத்துக்குக் கரை சேராவிட்டால் ஊரே கடற்கரையில் வந்து நிற்கும். தேடிப் படகு போகும், கோயில் மணி அடிக்கும், சாமியும் வந்து நிற்பார். விமானத்தில் போன பிள்ளைக்கு அந்தக் கரை இல்லை. போய்விட்டாள், நல்லா இருக்கிறாள், பணம் அனுப்புகிறாள் என்பதோடு முடிந்துவிடுகிறது. திருவிழா வரிக்கும் கோயில் வேலைக்கும் வாட்சப்பில் செய்தி வருகிறது, அதைத் தருவதில் எனக்கு மகிழ்ச்சிதான், என் ஊர்க் கோயிலுக்குத் தராமல் யாருக்குத் தருவேன். ஆனால் இத்தனை வருடத்தில் நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று என் பங்கிலிருந்து ஒரு செய்தி வந்ததில்லை. அந்த ஒரு கேள்வி என் முதல் எட்டு மாதத்தில் வந்திருந்தால் போதும்.

ஆசீர் வாங்க வருகிற பிள்ளையைப் பத்து நிமிடம் உட்காரவையுங்கள் சாமி. போகும் ஊர் எது, வேலை என்ன என்று கேளுங்கள். பதிவுப் படிவம், வரி பற்றிய விஷயத்தைச் சொல்லுங்கள். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழும் உறுதிபூசுதல் சான்றும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். திருமணம் வந்தால் இங்கே ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றிதழ்தான் கேட்பார்கள், அப்போது மறுபடி எழுதிக் கேட்கும்போது பங்கு அலுவலகத்தில் இழுத்தடிக்காமல் உடனே அனுப்பிவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தியின் கல்யாணம் அந்த ஒரு காகிதத்துக்காக நான்கு மாதம் தள்ளிப்போனது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கடிதம். இந்தப் பிள்ளை என் பங்கைச் சேர்ந்தவள், இங்கே பாடகர் குழுவில் இருந்தாள், அல்லது மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தாள், இவளுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி, முத்திரையோடு. அதை எடுத்துக்கொண்டு போய் இங்கே ஒரு கதவைத் தட்டுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? கையில் ஒன்றும் இல்லாமல் தட்டத்தான் எங்களுக்குக் கூச்சம். நம் மறைமாவட்டங்களிலிருந்து வந்து ஜெர்மன் பங்குகளில் பணி செய்யும் தமிழ்க் குருக்கள் இருக்கிறார்கள், உங்களோடு படித்தவர்கள், எண் உங்களிடம் இருக்கும். ஈழத்துக் குருக்கள் தமிழ்ப் பூசை வைக்கும் ஊர்களும் இருக்கின்றன. ஒரு அழைப்பு போதும்.

அன்பியப் பொறுப்பாளர்களே, வீட்டுக் கணக்கெடுக்கும்போது எங்கள் பெயரை 'வெளிநாடு' என்று எழுதித் தள்ளிவிடாதீர்கள். கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கிற மாதம் வீடியோவில் எங்களையும் கூப்பிடுங்கள், ஒரு மன்றாட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் குரல் பதிவாக அனுப்புகிறோம்.

வருகிற மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை இங்கே வருகிறாள், எனக்கு இரண்டு ஊர் தள்ளித்தான் மருத்துவமனை. ஆசீர் வாங்கக் கட்டாயம் வருவாள், அவள் அம்மா அனுப்பாமல் விடமாட்டாள். அவளிடம் அந்த நான்கு வரியைக் கொடுத்தனுப்புங்கள் சாமி. என் எண் அம்மாவிடம் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நானே போய்க் கூட்டிக்கொள்வேன். சனிக்கிழமை ஐந்தரைக்குச் செபமாலை, ஆறு மணிக்குப் பூசை, அவளுக்கான இடத்தில் இந்த முறை என் கைப்பை இருக்கும்.

தோத்திரம் சாமி.

உங்கள் பங்குப் பிள்ளை ஒருத்தி